காங்கிரீட் தூண் வேலி: ரன்னிங் அடி விலைக்குள் என்ன அடங்கியிருக்கிறது?

கேள்வி: கோவில்பட்டி அருகே கரிசல் மண்ணில் எங்களுக்கு 25 சென்ட் தோட்டம் இருக்கிறது. காங்கிரீட் தூண் நட்டுக் கம்பிவலை வேலி போட மூன்று பேரிடம் விலை கேட்டேன். மூவருமே "எல்லாம் சேர்த்து ரன்னிங் அடிக்கு (வேலி நீளத்தில் ஓரடிக்கு) இவ்வளவு" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் தொகையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. குறைந்த விலை சொன்னவரிடமே வேலையைக் கொடுக்கலாமா?

பதில்: அந்த "எல்லாம்" என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று மூவரிடமும் எழுதி வாங்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் தூண்களின் இடைவெளியைக் கேளுங்கள். உங்கள் தோட்டம் 90 அடிக்கு 121 அடி என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 422 அடி. எட்டடிக்கு ஒரு தூண் நட்டால் 53 தூண்கள் வேண்டும், பத்தடிக்கு ஒன்று என்றால் 42 போதும். விலை குறைந்ததற்கு இந்தப் பதினொரு தூண்களே காரணமாக இருக்கலாம். அடுத்தது வலைக்கம்பியின் கேஜ். எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: 10 கேஜ் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆகவே கேஜ், வலைக்கண் அளவு, துத்தநாகப் பூச்சு ஆகிய மூன்றும் ரசீதில் இருக்க வேண்டும்.

தூணைப் பொறுத்தவரை, பணம் கொடுப்பவருக்குக் கண்ணில் படாத இரண்டு இடங்களில்தான் அதன் உயிர் இருக்கிறது: காங்கிரீட்டுக்கு உள்ளேயும், மண்ணுக்கு அடியிலும். வார்க்கும் பட்டறைக்கே நேரில் சென்று, உள்ளே எத்தனை கம்பி, என்ன கனம், எந்தத் தேதியில் வார்த்தது என்று கேளுங்கள். சாதாரண சிமெண்டில் வார்த்த தூணுக்குக் குறைந்தது ஏழு நாள் நீராற்ற, அதாவது காயவிடாமல் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். முழு வலிமையை 28 நாளில்தான் கணக்கிடுவார்கள். முந்தின வாரம் வார்த்ததை வண்டியில் ஏற்றினால், இறக்கும்போதே மயிரிழை விரிசல் விழக்கூடும். முடிந்தால் ஒரு தூணுக்கு உரிய விலையைக் கொடுத்து, அதை உங்கள் முன்னாலேயே உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். கம்பியின் மேல் போதிய காங்கிரீட் மூடாமல் அது ஓரத்தை ஒட்டிக் கிடந்தால் அந்தப் பட்டறையை விட்டுவிடலாம். வலுவூட்டிய காங்கிரீட் வேலித் தூண்களுக்கென்றே ஐஎஸ் 4996 என்ற இந்தியத் தரநிலை இருப்பதால், அதன்படி வார்த்தவையா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

ஏழடித் தூணில் இரண்டடியாவது மண்ணுக்குள் போக வேண்டும். கரிசல் மழையில் ஊதி, கோடையில் வெடித்துச் சுருங்கும் மண் என்பதால் உங்களுக்கு இன்னும் ஆழம் நல்லது. அதற்கேற்ப எட்டடித் தூணாகவே வாங்குங்கள். குழியைத் தோண்டிய மண்ணாலேயே மூடாமல் ஜல்லிக் காங்கிரீட் போட்டு, அதன் மேல்முகத்தைத் தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாகப் பூசச் சொல்லுங்கள். வலையை இழுத்துக் கட்டும்போது அந்த இழுவை முழுவதையும் தாங்குபவை மூலைத் தூண்கள்தாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு மூலைத் தூணுக்கும் ஒவ்வொரு 15ஆவது தூணுக்கும் இருபுறமும் முட்டு, அதாவது சாய்வாக நட்டுத் தாங்கும் கால், கொடுக்கச் சொல்கிறது. முட்டுக்கால் இல்லாத விலைப்பட்டியல் எனக்கு முழுமையான விலைப்பட்டியலாகவே படவில்லை.

எல்லை அளந்து கல் நட்ட பிறகே குழி தோண்டுங்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் வீட்டுத் தோட்டத்துக்குச் சென்ற ஆண்டு வேலி போட்டோம். பல தூண்களில் விரிசல் விழுந்திருக்கிறது. வேலி போட்டவர் பட்டறையைக் குறை சொல்கிறார். பட்டறைக்காரர் நட்ட விதத்தைக் குறை சொல்கிறார். யாரிடம் கேட்பது?

பதில்: விரிசலின் போக்கைப் பாருங்கள். தூணின் நீளவாட்டில் கம்பி ஓடும் தடத்திலேயே வெடித்துத் துருக்கறை வடிந்திருந்தால், கம்பியின் மேல் போதிய காங்கிரீட் மூடாமல் விட்டதோ, உப்பு மணலிலோ உப்பு நீரிலோ வார்த்ததோ காரணமாக இருக்கும். துருப்பிடித்த இரும்பு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். கடற்கரை ஊர்களில் இது விரைவாக நேரும். தரைமட்டத்தை ஒட்டிக் குறுக்கே வெடித்து, தூணும் சாய்ந்திருந்தால், முட்டு இல்லாமல் இழுத்துக் கட்டியதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பொருளும் கூலியும் சேர்த்து ஒருவரிடமே பணம் கொடுத்திருந்தால், பட்டறையைக் காட்டி அவர் விலகிக்கொள்ள முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க நேர்ந்தால் இருவரையுமே எதிர்தரப்பினராகச் சேர்க்கலாம். படங்களுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க முடியும் என்பதால், அதுவரை வெடித்த தூண்களைப் பூசி மறைக்கவும் வேண்டாம், பிடுங்கி எறியவும் வேண்டாம்.