லிங்க் லைட் எரிகிறது, பிஎல்சி வரவில்லை: மோடத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் சின்னதாக ஐஸ் பிளான்ட் நடத்துகிறேன். கம்ப்ரசர் ரூமில் மிஷினை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டியான பிஎல்சியை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்க்க ஆசை. நடுவில் ரோடு, கேபிள் இழுக்க வழியில்லை, அதனால் ஒரு ஜோடி இண்டஸ்ட்ரியல் வயர்லெஸ் ஈதர்நெட் மோடம் வாங்கினேன். இரண்டிலும் லிங்க் லைட் எரிகிறது, பிஎல்சி மட்டும் வரவே இல்லை. விற்றவரைக் கேட்டால் "செட்டிங் உங்க பொறுப்பு, பெட்டியைப் பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: கோர்ட் இருக்கட்டும், முதலில் எந்த லைட் எரிகிறது என்று பாருங்கள். ஈதர்நெட் போர்ட்டில் எரிவது கேபிள் சொருகியிருப்பதை மட்டும்தான் சொல்லும். ரேடியோவுக்கென்று இருக்கும் லைட் எரிந்தால்தான் இரண்டு மோடமும் ஒன்றையொன்று பிடித்துவிட்டன என்று அர்த்தம். அது எரிகிறது என்றால் பொருளில் குறை இருக்க வாய்ப்பு குறைவு, கோளாறு அநேகமாக ஐபி முகவரியில்தான், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் எண்ணில்தான்.

பிஎல்சிக்கு 192.168.1.10 என்று இருந்து, கம்ப்யூட்டர் 192.168.0 வரிசையில் உட்கார்ந்திருந்தால், எந்த எண்கள் ஒரே வரிசை என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 ஆக இருக்கும்வரை இரண்டும் பேசிக்கொள்ளாது. முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே கம்ப்யூட்டருக்கு 192.168.1.20, மோடங்களுக்கு 192.168.1.2, 192.168.1.3 என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். மோடத்தை பிரிட்ஜ் மோடில், அதாவது இரண்டு பக்கத்தையும் ஒரே கேபிள் போல இணைக்கும் முறையில், வையுங்கள். அந்த மோடில் மோடத்தின் சொந்த ஐபி அதன் செட்டிங் பக்கத்தைத் திறக்க மட்டுமே, டேட்டா அதைக் கேட்காமலேயே கடந்து போகும். ரவுட்டர் மோடில் இருந்தால் இரண்டு பக்கமும் வேறு வேறு சப்நெட் (முகவரி வரிசை), சரியான கேட்வே (அடுத்த வரிசைக்கு வழிவிடும் முகவரி) எல்லாம் கொடுக்க வேண்டும், உங்களுக்கு அந்த வம்பு தேவையே இல்லை.

ஜோடியாக வாங்கியதில் இரண்டுக்கும் கம்பெனி போட்ட ஐபி ஒன்றாகவே இருக்கலாம். அதனால் ஒன்றை ஆஃப் செய்துவிட்டு மற்றதை மாற்றுங்கள். லேப்டாப்பில் வைஃபையை அணைத்து, மோடம் இருக்கும் வரிசையிலேயே ஒரு ஐபியைக் கையால் போட்டு, கேபிள் சொருகித் திறக்க வேண்டும். ஐபியை மாற்றி சேவ் கொடுத்ததும் பக்கம் அப்படியே நின்றுவிடும், பலபேர் இங்கேதான் மோடம் செத்துவிட்டது என்று பயந்து ரீசெட்டை அழுத்தி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுகிறார்கள். லேப்டாப்பையும் புது வரிசைக்கு மாற்றி, புது முகவரியை அடித்தால் திறந்துவிடும். டிஃபால்ட் பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்து மோடம், எதிர்ப்பக்க மோடம், பிஎல்சி என்று வரிசையாக பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள், எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. பிஎல்சி பிங் ஆகியும் சாஃப்ட்வேரில் வரவில்லையென்றால், அது பேசும் முறை மோட்பஸ் டிசிபியாக இருக்கும் பட்சத்தில் அந்த முறைக்கான போர்ட் எண் 502-ஐ கம்ப்யூட்டரின் ஃபயர்வால் மறிக்கிறதா என்று பாருங்கள். ஆபீஸ் பிராட்பேண்ட் ரவுட்டரும் இதே லைனில் இருந்தால், அது தானாகக் கொடுக்கும் ஐபி எண்களுக்கு வெளியே இவற்றை வையுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் யாரோ மொபைலில் வைஃபை போட்டதும் அதே எண் அதற்குப் போய் பிஎல்சி காணாமல் போகும்.

சட்டத்துக்கு வருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் அதில் வருவீர்களா என்பது பிளான்டின் அளவைப் பொறுத்தது, பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து கேளுங்கள். அடுத்த முறை கொட்டேஷனிலேயே "செட்டிங் செய்து ஓட்டிக் காட்டித் தரவேண்டும்" என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: சேதராப்பட்டில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்த பழைய 900 மெகாஹெர்ட்ஸ் மோடம் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அங்கே 902 முதல் 928 வரை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம், இங்கே அந்தப் பக்கத்தில் செல்போன் அலைகள் இருக்கின்றன. நமக்கு லைசென்ஸ் இல்லாமல் கிடைப்பது 865-ஐ ஒட்டிய பட்டை, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸில் சில பகுதிகள். புதுசாக வாங்கினாலும் மத்திய அரசின் வயர்லெஸ் அனுமதிப் பிரிவான டபிள்யூபிசி கொடுத்த இடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்றிதழைக் கேளுங்கள், காட்டத் தயங்குகிற கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.