அட்ஜஸ்ட்மென்ட் என்ற சொல்லுக்குச் சரியான தமிழ்ச்சொல் என்ன? எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம்?

அலுவலகக் கடிதம் ஒன்றை மொழிபெயர்ப்பதாகவும், அட்ஜஸ்ட்மென்ட் வருகிற இடத்திலெல்லாம் 'சரிசெய்தல்' என்று போட்டதில் படிப்பதற்கு ஏதோ ரிப்பேர் வேலை நடந்த மாதிரி இருப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் எனக்கு நன்றாகவே புரிகிறது. எங்கள் அப்பா காவேரிப்பட்டணத்தில் டூவீலர் மெக்கானிக். நான் கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதில் இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன், இப்போது இதை எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

முதலில் பட்டறை. செயின் அட்ஜஸ்ட்மென்ட், கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட், பிரேக் அட்ஜஸ்ட்மென்ட், டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் என்று அப்பாவின் நாளில் பாதி இதிலேயே போகும். வண்டி ஓட ஓடச் செயினின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து செயின் நீளும். பின்சக்கரத்து ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் இருக்கிற அட்ஜஸ்டரைத் திருகிச் சக்கரத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். இரண்டு பக்கத்து அளவுக் கோடும் ஒரே அளவில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் கோணலாக ஓடி ஸ்ப்ராக்கெட் என்கிற பல்சக்கரத்தின் பல்லைத் தின்னும். ரொம்ப டைட் வைத்தாலும் தப்பு. செயினை விரலால் அழுத்தினால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். இன்ஜின் வால்வை அழுத்தித் திறக்கிற பாகமான டாப்பெட் இன்னும் நுணுக்கம். அதற்கும் வால்வுக்கும் நடுவில், சின்ன வண்டிகளில் பலவற்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராத இடைவெளி. இன்ஜின் ஆறியிருக்கும்போது, இடைவெளியை அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்து வைக்க வேண்டும். கூடினால் டக்டக் என்று சத்தம் வரும், குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகும்.

இதற்கெல்லாம் 'சரிசெய்தல்' என்று எழுதினால் பொருந்தாது, ஏனென்றால் எதுவும் உடையவில்லை. இங்கே நடப்பது அளவுக்குக் கொண்டுவருவது. 'அளவமைத்தல்' என்று எழுதலாம், ஆனால் எந்த மெக்கானிக்கும் அப்படிச் சொல்ல மாட்டார்.

அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் சக்கரத்தை இழுக்க முடியாது. அப்படியும் வாடிக்கையாளர்கள், "இந்த ஒரு தடவ டைட் வெச்சுக் குடுண்ணா, அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்று கெஞ்சுவார்கள். அப்பா, "இழுக்க எடமில்ல சாமி, செயின், ஸ்ப்ராக்கெட் செட்டையே மாத்தணும்" என்பார். வியாபார தந்திரம் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனவர்களும் உண்டு.

சரி, பட்டறையை விட்டு வெளியே வந்தால் இந்தச் சொல் வேறு ஆளாகிவிடுகிறது. இதை நான் கண்டுபிடித்தது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில். மூன்று பேர் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போது நாலாவதாக ஒருவர் வந்து நிற்பார். தமிழ்க்காரர் என்றால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர் என்றால், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி." தெலுங்கு என்றால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் சேஸ்கோண்டி." உருது பேசுகிறவர் என்றால், "தோடா அட்ஜஸ்ட் கர் லோ." எங்கள் ஊரில் இந்த நாலு மொழியும் ஒரே காலை நேரத்துப் பஸ்ஸில் கேட்கும்.

நாலு வாக்கியத்தின் வாலையும் பாருங்கள். தமிழில் 'கொள்', கன்னடத்திலும் அதே 'கொள்', தெலுங்கில் அதன் உறவான 'கொன்', உருதுவில் 'லோ', அதாவது எடுத்துக்கொள். அப்பா செயினை 'அட்ஜஸ்ட் பண்ணுவார்'. சீட்டில் இருக்கிற நானோ 'அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள' வேண்டும். திருகாணிக்கு வெறும் 'பண்ணு', மனிதருக்கு வந்தால் 'பண்ணிக்கோ'. அந்த ஒரு துணைவினை ஒட்டியதும், மாற வேண்டியது சாமான் இல்லை, நீதான் என்றாகிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லை நாம் கடன் வாங்கினோமே தவிர, அதன் பொருளை நம் துணைவினைகளிடம்தான் ஒப்படைத்திருக்கிறோம் என்பது என் கட்சி. அதனால்தான் தனியாக 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று பெயர்ச்சொல்லாக நிற்கும்போது மொழிபெயர்க்க முடியாமல் தடுமாறுகிறோம். வாலை வெட்டிவிட்டு மாடா ஆடா என்று கேட்கிற மாதிரி.

மண்டிக்குப் போனால் இன்னும் இரண்டு வால் கிடைக்கும். என் மாமா ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர். அங்கே "ரேட்டுல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க" என்றால் விலையைக் குறை, அல்லது ஏற்றிக்கொடு என்று அர்த்தம். 'கொடு' வந்ததும் அது சலுகை. "அடுத்த லோடுல அட்ஜஸ்ட் பண்ணிடலாம்" என்றால் இன்றைய நஷ்டத்தை நாளைக்கு ஈடுகட்டுவது. ஏதோ முடித்தே விட்ட மாதிரி ஒலிக்கிற இந்த 'விடு'வை நம்பி மாமா ஏழெட்டு லோடு ஏற்றியிருக்கிறார். அடுத்த லோடு வரும்போது அதற்கடுத்த லோடு என்று வியாபாரி தள்ளுவார். இந்த இடத்துக்கு 'ஈடுகட்டுதல்', 'கழித்துக்கொள்ளுதல்' என்ற பழைய சொற்களே கச்சிதம். வீட்டு அட்வான்ஸில் கடைசி மாத வாடகையைக் கழிப்பதும் இதே ரகம்தான்.

அப்புறம் என் பிழைப்பு. மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குச் 'சரிக்கட்டுதல்' என்ற சொல் தெரிந்திருக்கும். மார்ச் 31 அன்று ஆண்டு முடிகிறது, ஆனால் பணமும் காலமும் அந்தத் தேதியில் ஒத்துப்போவதில்லை. மார்ச் மாதத்து மின்சாரத்துக்கான பில் ஏப்ரலில் வருகிறது. கையை விட்டுப் பணம் போகாவிட்டாலும் அது மார்ச் செலவுதான், ஆகவே கொடுபட வேண்டிய செலவு. அக்டோபர் 1 அன்று ஒரு வருட இன்சூரன்சுக்கு 24,000 ரூபாய் கட்டினால், மார்ச் 31 வரைக்கும் உரியது 12,000தான். மீதி 12,000 முன்கூட்டிச் செலுத்திய செலவு. மெஷின்களுக்குத் தேய்மானம், திரும்பி வராது என்று தெரிந்துவிட்ட பாக்கிக்கு வாராக்கடன். எங்கள் ஃபேக்டரிக்கு மாம்பழ சீசனோடு வேலை உச்சம். பெங்களூரா ரக மாங்காய் வரத்து நிற்கிற வரைக்கும் இரவு பகல் தெரியாது. அப்போது டின்னில் அடைத்த கூழ் அடுத்த மார்ச்சிலும் கிடங்கில் நிற்கும். அதை எண்ணி இறுதிச் சரக்கிருப்பாகக் காட்டாவிட்டால் லாபக்கணக்கே பொய்.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை திரும்பத் திரும்பச் சொன்னது: எந்தச் சரிக்கட்டுதலும் இரண்டு இடத்தில் வரும். லாப நட்டக் கணக்கில் ஒன்று, இருப்புநிலைக் குறிப்பில் ஒன்று. ஒரே இடத்தில் எழுதிவிட்டு வந்தால் கணக்கு ஒட்டாது, மார்க்கும் போய்விடும்.

உங்கள் கடிதம் பணம் சம்பந்தப்பட்டது என்றால் 'சரிக்கட்டுதல்' என்று தைரியமாக எழுதலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். பேச்சில் "ஆபீசர சரிக்கட்டிட்டோம்" என்றால் லஞ்சமோ சமாதானமோ நடந்திருக்கிறது என்று பொருள். தேய்மானத்துக்கும் லஞ்சத்துக்கும் ஒரே சொல் வைத்திருக்கிற நம் மொழியின் நேர்மையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆங்கிலச் சொல்லுக்கும் இங்கே அதே கதி நேர்ந்திருக்கிறது. சினிமாவில் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017ல் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, அதில் பெண்களுக்குப் பழக்கப்பட்ட சொற்களாகக் குறிப்பிடப்பட்டிருந்தவை இரண்டு: 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்'. அசிங்கத்தை வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதற்கு ஆபீஸ் சட்டை மாட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

தேர்தல் நேரத்துச் சீட் அட்ஜஸ்ட்மென்ட்டுக்குப் பத்திரிகைகள் 'தொகுதி உடன்பாடு' என்று எழுதுகின்றன, அது நல்ல சொல். பி.எட். புத்தகங்களில் மனிதர் சூழலோடு பொருந்துவதைப் 'பொருத்தப்பாடு' என்பார்கள். பரீட்சையைத் தாண்டி அந்தச் சொல்லை நான் எங்கும் கேட்டதில்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் அத்தை சொன்ன சான்றிதழ் இது: "பொண்ணு எங்க போனாலும் அட்ஜஸ்ட் பண்ணிப் போயிக்கும்." ஒரே வாக்கியத்தில் 'போ'வும் வந்துவிட்டது, 'கொள்'ளும் வந்துவிட்டது. போதாததற்கு 'போயிக்கும்' என்று அஃறிணை வேறு. அன்றைக்கு அது எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது. மாப்பிள்ளையைப் பற்றி யாரும் அப்படி ஒரு சான்றிதழ் கேட்கவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. கணக்குக்காரிக்கு இது உறுத்தாமல் இருக்குமா? இரண்டு இடத்தில் எழுத வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது: விட்டுக்கொடுத்தல். அதில் இருப்பது 'கொள்' இல்லை, 'கொடு'. விட்டுக்கொடுத்தேன் என்றால் உடனே யாருக்கு, எதை என்ற கேள்வி எழும். கொடுத்தவருக்குக் கொஞ்சம் கௌரவமும் உண்டு, வாங்கியவருக்குக் கொஞ்சம் கடனும் உண்டு. "அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்" என்றால் அந்தக் கேள்வியே எழாது. யாருக்காக என்பது வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறது. இன்னொரு சொல் 'அனுசரித்தல்'. வடமொழியில் அதன் அடிப்படைப் பொருள் பின்னால் செல்வது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கில அட்ஜஸ்ட்டின் வேர் லத்தீனில் 'பக்கத்தில்' என்று பொருள்படும் சொல். பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது என்பதுதான் தொடக்கம். 'நியாயம்' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல்லின் சாயல் பிறகு அதில் ஏறியது. பக்கத்தில் வருவதற்கும் பின்னால் போவதற்கும் எவ்வளவு தூரம் என்று மருமகள்களைக் கேளுங்கள்.

என் புகுந்த வீடு பென்னாகரம் பக்கம். 2004 வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம், இரண்டு பக்கமும் களி தின்கிற ஊர். அதனால் சாப்பாட்டில் எனக்குப் பெரிய சிரமமில்லை. தண்ணீர்தான் வேறு. "போகப் போக அட்ஜஸ்ட் ஆயிடும்" என்றார் மாமியார். இது கடைசி வால், 'ஆகு'. யாரும் எதுவும் செய்ய வேண்டாம், காலம் பார்த்துக்கொள்ளும். தமிழில் 'பழகிவிடும்'. பெரும்பாலானவற்றுக்கு அது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு. அதைத் தாண்டிய நீரை வருடக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும், எலும்பும் கெடும். எத்தனை தலைமுறை குடித்தாலும் பல் அட்ஜஸ்ட் ஆகவில்லை. கடைசியில் தண்ணீரைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கி வைக்கப்பட்டது. மாமியார் சிரிக்கும்போது இன்றைக்கும் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அட்ஜஸ்ட்மென்ட் வருகிற ஒவ்வொரு வரியிலும், அதைப் பேச்சில் சொன்னால் எந்த வால் ஒட்டும் என்று பாருங்கள். இயந்திரமோ நேரமோ அளவோ என்றால் 'மாற்றியமைத்தல்', பில்லும் பாக்கியும் என்றால் 'சரிக்கட்டுதல்' அல்லது 'ஈடுகட்டுதல்'. ஊழியர்கள் புதிய ஷிஃப்டுக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் எழுதியிருந்தால், தயவுசெய்து 'ஒத்துழைப்பு' என்று மெழுகாதீர்கள். 'ஊழியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று உள்ளபடி எழுதுங்கள். மேனேஜரே படித்துவிட்டு மாற்றச் சொல்வார்.

இதை எழுதுவதற்கு முன்னால் அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டேன். வண்டிக்கு அடியில் குனிந்திருந்தார். "அட்ஜஸ்ட்மென்ட்டுக்குத் தமிழ்ல என்னப்பா?"

தலையைத் தூக்காமலே சொன்னார்: "செட்டிங்."