தபாலில் ஆடிய ஆட்டமும் நம் ஓப்பனிங்கும்

மகள் எட்டாம் வகுப்பு. செஸ் ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளான ஓப்பனிங் வரிகளை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். எதிராளி ஒரு நகர்வை மாற்றினாலே திகைத்துவிடுகிறாள். நகர்வுகளைத் தபாலிலோ இணையத்திலோ அனுப்பி ஆடும் கரஸ்பாண்டன்ஸ் செஸ் ஆட்டம் ஒன்றைப் படிக்கச் சொல்கிறார் கோச். பலன் இருக்குமா?
— ஒரு தாய், பாலக்கோடு

இருக்கும். தர்மபுரியில் நடக்கும் போட்டிகளிலும் இதைப் பார்க்கிறேன்: எட்டு நகர்வு மளமளவென்று வரும், ஒன்பதாவதில் கை நின்றுவிடும். காரணம் தெரியாமல் நகர்வை மட்டும் படித்ததால் வருவது இது. கரஸ்பாண்டன்ஸில் பத்து நகர்வுக்கு ஐம்பது நாள்கூடக் கிடைக்கும். அவசரத்தில் கை தவறி ஆடியது குறைவு, ஒவ்வொரு காய்க்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும்.

ஒரே ஆட்டம் போதும். 1965இல் தொடங்கிய ஐந்தாவது உலக கரஸ்பாண்டன்ஸ் சாம்பியன்ஷிப்பில் சோவியத் வீரர் எஸ்ட்ரின் வெள்ளை, அமெரிக்க வீரர் பெர்லினர் கறுப்பு. டூ நைட்ஸ் டிஃபென்ஸ். அந்த ஓப்பனிங்கை ஊன்றி ஆராய்ந்தவர் எஸ்ட்ரின். ஐந்தாவது நகர்வில் கறுப்பு, பி5 கட்டத்துக்குத் தள்ளிய சிப்பாயால் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) வெள்ளை மந்திரியைத் தாக்குகிறது. மந்திரி அதை வெட்டவில்லை, புறப்பட்ட எஃப்1 கட்டத்துக்கே திரும்புகிறது. அங்கே நிறுத்துங்கள். ஏன் என்று மகள் நோட்டில் எழுதட்டும், கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. மந்திரி வெட்டினால் கறுப்பு ராணி டி5 சிப்பாயை வெட்டி, மந்திரியையும் ஜி2வையும் சேர்த்துத் தாக்கும். எஃப்1இல் நின்றால் ஜி2 காவலில் இருக்கும். இது புரிந்த பிள்ளை, எதிராளி வேறு நகர்வு ஆடினாலும் ஜி2வை மறக்காது.

பத்தாவது நகர்வுக்கு இரண்டு மாலைகள் ஒதுக்குங்கள். கறுப்பின் குதிரை, மந்திரி இரண்டுமே வெட்டுக்கு நிற்கின்றன. பெர்லினர் எதையும் காப்பாற்றாமல் சிப்பாயை இ4க்குத் தள்ளுகிறார். சிப்பாய் விலகியதும் கறுப்பின் இன்னொரு மந்திரி டி6 வந்து ஜி3இல் உள்ள வெள்ளைக் குதிரையை மிரட்ட வழி திறக்கிறது. எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கும் நகர்வு. 42ஆவது நகர்வில் வென்றார், பட்டமும் அவருக்கே.

செஸ் நகர்வுகளை ஆராயும் கணினி நிரலான இன்ஜின் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுமே?
— ஷிப்ட் தொழிலாளி, ஓசூர்

விடை தெரியும், காரணம் தெரியாது. நோட்டில் எழுதி முடித்தபின் கடைசியாகப் போடுங்கள். பன்னாட்டு கரஸ்பாண்டன்ஸ் செஸ் அமைப்பான ஐசிசிஎஃப் போட்டிகளில் இப்போது இன்ஜின் அனுமதி உண்டு; அந்த ஆட்டங்களில் பல நகர்வுகள் நமக்குப் பிடிபடாது. கற்பதற்கு 1960, 70களின் ஆட்டங்களே நல்லவை என்பது என் முடிவு.

நானே ஆடிப் பார்க்கலாமா?
— கல்லூரி மாணவர், பென்னாகரம்

தாராளமாக. லிசெஸ் என்ற இணைய செஸ் தளத்தில் கரஸ்பாண்டன்ஸ் ஆடும்போது ஓப்பனிங் புத்தகம் பார்க்கலாம், இன்ஜின் கூடாது. ஒரே சமயத்தில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

போஸ்ட் கார்டில் செஸ் நகர்வு எழுதி அனுப்பியதைப் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அதனால் ஓப்பனிங்குக்கு ஏதும் கிடைத்ததா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், கிருஷ்ணகிரி

பெயர்களே கிடைத்தன ஐயா. 1824 முதல் 1828 வரை ஸ்காட்லாந்தின் எடின்பரோவும் லண்டனும் கடிதத்தில் ஆடின, எடின்பரோ வென்றது. ஸ்காட்ச் கேம் என்ற ஓப்பனிங்கின் பெயர் அதிலிருந்து வந்தது. 1834இல் தொடங்கிய பாரிஸ்–லண்டன் ஆட்டத்தில் பாரிஸ் கறுப்பில் முதல் நகர்வாக இ6 ஆடி வென்றது. அந்த ஓப்பனிங்கே பிரெஞ்சு டிஃபென்ஸ். அப்படி ஆடியவர்கள் உங்கள் பக்கத்தில் இன்னும் இருந்தால், கார்டுகளைத் தேதிவாரியாக அடுக்கித் தரச் சொல்லுங்கள். பலகையில் வைத்துப் பார்க்க நான் வருகிறேன்.