அஞ்சு வருஷம் கழிச்சு ரக்பி, அதுவும் வேற பொசிஷன்ல: ஜிம் பத்தி கேள்வி பதில்

நான் இன்சைட் சென்டரா, 12-ஆம் நம்பர்ல, ரொம்ப நாள் ஆடிட்டு நாலு வருஷம் விட்டுட்டு 34 வயசுல ஃப்ளாங்கரா (ஸ்க்ரம்னு ரெண்டு அணியும் பிணைஞ்சு தள்ளுற கூட்டத்தோட ஓரத்துல நிக்கிறவன்) திரும்பினவன். அதுக்கப்புறம் இப்படித் திரும்புறவங்களுக்கு ஜிம்ல கூட நின்னு சொல்லிக் கொடுக்குறேன். டாக்டர் இல்ல. தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

கேள்வி: அண்ணா, நான் முன்னாடி விங் (கோட்டோரமா ஓடுறவன்). அஞ்சு வருஷ கேப், இப்ப 33. கோச் என்னை 7-ல, அதாவது ஃப்ளாங்கரா, போடுறேங்கிறார். ஜிம்ல எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: முதல்ல பழைய நோட்டை எடுத்து அந்தக் காலத்து ஸ்க்வாட் எடைய பாக்குறத நிறுத்துங்க, எல்லாரும் இங்கதான் மாட்டுவாங்க, நானும் மாட்டினேன். தசைக்கு பழசு ஞாபகம் இருக்கும், ஒரு ரெண்டு மாசத்துல பாதி வந்துரும், ஆனா தசைய எலும்போட கட்டி வச்சிருக்குற தசைநாண் இருக்கு பாருங்க அது ஆமை மாதிரிதான் வரும், அதனால மூணாவது வாரம் "ஆஹா எல்லாம் வந்துருச்சு"ன்னு தோணும்போதுதான் ஆடுதசையோ ஹாம்ஸ்ட்ரிங்கோ (பின்தொடை தசை) போகும். எனக்கு முதல் வாரமே முழு ஸ்பீட்ல ஓடிப் பாக்கணும்னு ஆசை வந்து ஹாம்ஸ்ட்ரிங் பிடிச்சு ஆறு வாரம் உக்காந்தேன்.

முதல் நாலு வாரம் வாரத்துக்கு மூணு நாள் போதும். ஃப்ரன்ட் ஸ்க்வாட், ட்ராப் பார் டெட்லிஃப்ட், ரோ, புல்-அப், ஒத்தக்கால் ஸ்ப்ளிட் ஸ்க்வாட். ஒவ்வொரு செட்லயும் இன்னும் மூணு ரெப் போடலாம்னு இருக்கும்போதே கீழ வச்சுருங்க. எவ்வளவு தூக்குவேன்னு தெரிஞ்சே ஆகணும்னா ஒரு ரெப் மேக்ஸ் டெஸ்ட் (ஒரே ஒரு தடவை தூக்க முடியுற அதிகபட்ச எடைய பாக்குறது) வேணாம், 100 கிலோவ சுத்தமா 5 தடவை தூக்கினா மேக்ஸ் சுமார் 117-னு கணக்குப் போட்டுக்கலாம் (ரெப்ப 30-ஆல வகுத்து, அதோட ஒண்ணு கூட்டி, எடையால பெருக்கணும்).

இப்ப 7-க்கு வருவோம். விங்ல நீங்க ஓடுவீங்க, நிப்பீங்க, திரும்ப ஓடுவீங்க. 7-ல விழுவீங்க, எந்திரிப்பீங்க, தரையில கிடக்குற பந்துக்கு மேல குனிஞ்சு நிப்பீங்க, அப்ப ரெண்டு பேர் வந்து இடிப்பான், இடிச்சாலும் நகரக்கூடாது. இதுக்கு பாதி குனிஞ்ச நிலையிலயே தாங்குற பலம் வேணும். பார்பெல் ரோ பண்ணும்போது மேல இழுத்து 5 செகண்ட் அப்படியே நில்லுங்க. பார்பெல்லை முழங்கை மடிப்புல வச்சுப் பிடிச்சு 20 செகண்ட் நில்லுங்க. அப்புறம் தரையில குப்புறப் படுத்து எந்திரிச்சு 5 மீட்டர் ஓடி திரும்பப் படுக்குறது, 6 தடவை, இது எந்த மெஷினும் கொடுக்காது. ஓட்டத்த முதல் வாரம் 60 சதவீத ஸ்பீட்ல வச்சு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, கூடவே நார்டிக் கர்ல் (முட்டி போட்டு, கணுக்கால யாராவது பிடிக்க, உடம்ப மெதுவா முன்னாடி சாய்க்கிறது), ஆரம்பத்துல 2 செட் 4 ரெப் போதும். மறுநாள் உக்கார முடியாது, அது சகஜம்தான்.

கேள்வி: ப்ரோ நான் 13-ல (அவுட்சைட் சென்டர்) ஆடினவன், இப்ப 108 கிலோ ஆயிட்டேன், டைட்ஹெட் ப்ராப் (ஸ்க்ரம் முன்வரிசையில வலது பக்கம்) ஆடச் சொல்றாங்க. டெட்லிஃப்ட் 200 தூக்குறேன், போதும்ல?

பதில்: போதாது. டெட்லிஃப்ட்ல குறை இல்ல, பிரச்சனை கழுத்து. டைட்ஹெட்டோட தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் (இடது பக்க ப்ராப்) ஹூக்கருக்கும் (முன்வரிசை நடு ஆள்) நடுவுல போகும், ரெண்டு தோள்லயும் அழுத்தம், பின்னாடிலேருந்து உங்க ஆளுங்க தள்ளுறது வேற. லூஸ்ஹெட்டுக்காவது ஒரு பக்கம் காலியா இருக்கும், உங்களுக்கு அதுவும் கிடையாது.

கழுத்துக்கு: கைய நெத்தியில வச்சு தலையால தள்ளுங்க, தலை அசையக் கூடாது, 10 செகண்ட். அப்புறம் பின்னந்தலை, இடது, வலது. முதல்ல பாதி பலத்துலதான். வாரம் மூணு நாள். மூணு வாரம் கழிச்சு முட்டி போட்டு நாலு கால்ல நின்னு தலையில ரப்பர் பட்டை மாட்டி அதே மாதிரி தாங்குங்க. தலையில நின்னு பாலம் போடுற பழைய பயிற்சி இருக்கே, அத நான் யாருக்கும் சொல்றதில்ல. கையில மின்சாரம் பாஞ்ச மாதிரி வந்தாலோ மரத்துப்போனாலோ அன்னைக்கு மூட்டை கட்டிட்டு டாக்டர்ட்ட போங்க.

இன்னொண்ணு, முதுகு நேரா, தோள் இடுப்புக்குக் கீழ போகாம குனிஞ்சபடியே ஸ்லெட் (எடை ஏத்தின சறுக்கு வண்டி) தள்ளுங்க, சின்னச் சின்ன அடியா. ஆனா உண்மையான ஸ்க்ரம்ம சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்ச கோச்ச வச்சு மெஷின்ல, அப்புறம் ஒருத்தருக்கு ஒருத்தர், அப்புறம் மூணு பேர்னு படிப்படியாத்தான். முன்வரிசைக்குப் பழகாத ஆள அங்க நிறுத்தக்கூடாதுங்குறது ரூல்ல இருக்கு. ஆள் பத்தலன்னு உங்கள இந்த வாரமே இறக்குறேன்னா முடியாதுன்னு சொல்லுங்க, வெக்கப்படாதீங்க.

கேள்வி: பெஞ்ச் ப்ரெஸ் 120 போடுறேன் ஆனா டேக்கிள்ல ஆள் நழுவிடுறான், ஏன்?

பதில்: பெஞ்ச்ல முதுகுக்குப் பலகை இருக்கு, கிரவுண்ட்ல யார் வந்து பிடிப்பா? கால் ஆளுக்குப் பக்கத்துல வரலன்னா கை எவ்வளவு பலமா இருந்தும் நழுவத்தான் செய்யும். தலை எந்தப் பக்கம் போகுதுன்னு யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்க, தப்பான பக்கம் போனா நழுவுறதோட நிக்காது, தலையிலேயே அடிபடும். ஜிம்ல பெஞ்ச ஒரு நாளாக் குறைச்சுட்டு டவல் சுத்தி புல்-அப், கனமா தூக்கிட்டு நடக்குறது, இது ரெண்டையும் சேருங்க.

கேள்வி: அண்ணா, எனக்கு முட்டி லிகமென்ட் ஆபரேஷன் ஆகி 7 மாசம். லாக்ல (ஸ்க்ரம் ரெண்டாவது வரிசை) இருந்தேன், இனி ஃபுல்பேக் (எல்லாருக்கும் பின்னாடி நிக்கிற கடைசி ஆள்) ஆடலாம்னு இருக்கேன், ஈஸியா இருக்கும்ல?

பதில்: ஈஸி இல்லம்மா, ஃபுல்பேக்னா எதிர்ல ஓடி வர்றவளுக்கு முன்னாடி சட்டுனு திசை மாத்தணும், முட்டிக்கு அதுதான் பெரிய சோதனையே. 9 மாசத்துக்கு முன்னாடி திரும்புறவங்களுக்கு மறுபடி அடிபடுற ஆபத்து அதிகம், அதனால இன்னும் ரெண்டு மாசமாவது பொறுங்க, 9 மாசம் ஆனாலும் பிசியோ சரின்னு சொல்லணும். அதுவரைக்கும் ரெண்டு காலையும் தனித்தனியா ஒப்பிட்டுப் பாருங்க, ஒத்தக்கால் லெக் ப்ரெஸ், ஒத்தக்கால்ல குதிச்சு சத்தமில்லாம இறங்குறது. முன்தொடை தசைதான் கடைசியா வரும். உயரத்துல வர்ற பந்தப் பிடிக்கிறது லாக்குக்கு ஏற்கனவே கைவந்தது, அது உங்களுக்கு லாபம்.

கேள்வி: க்ரியேட்டின் எடுக்கலாமா?

பதில்: கிட்னி பிரச்சனை இல்லாட்டி தினம் 3-லேருந்து 5 கிராம், எந்த நேரம்னாலும். அதுக்கு முன்னாடி தூக்கத்த சரி பண்ணுங்க.

கேள்வி: சீசன் ஆரம்பிச்சதும் ஜிம்ம விட்டுடலாமா? சனிக்கிழமை மேட்ச்.

பதில்: விட்டா ஒரு மாசத்துக்கு மேல தாங்காது. ரெண்டு நாள், 45 நிமிஷம். திங்கள் கால்தான் கனமா, 3 ரெப் 4 செட், ஞாயித்துக்கிழமை வலி இன்னும் இருந்தா செவ்வாய்க்குத் தள்ளுங்க. வியாழன் மேல் உடம்பும் கழுத்தும், லேசா. புதன்ல ஸ்க்வாட் போட்டா வெள்ளி வரைக்கும் தொடை பிடிக்கும், சனிக்கிழமை அந்தக் காலோடதான் ஓடணும்.