ஆராய்ச்சி முடிந்தால் வாத்தியார் ஆகிவிடலாமா? சித்தூர் டீச்சரிடம் கேட்டவை

சித்தூர்ப் பக்கம் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராக்காரர்கள் மன்னிக்கவும்) ஒரு கல்லூரியில் 18 வருஷமாகத் தமிழ் எடுக்கிறேன். கல்லூரி வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைத் தங்கை: தமிழ்நாட்டு செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்வில் தேறிவிட்டேன் டீச்சர். கேரளாவில் விண்ணப்பிக்கலாமா?

செல்லாதும்மா. 2002 ஜூனுக்குப் பிறகு நடந்த மாநிலத் தகுதித் தேர்வெல்லாம் அந்தந்த மாநிலக் கல்லூரிகளுக்கு மட்டும்தான். இதில் நம் பக்கத்துப் பிள்ளைகள் விழுகிற குழி இன்னொன்று உண்டு. கேரளாவிலும் 'செட்' என்றே ஒரு தேர்வு இருக்கிறது, கேரள அரசின் எல்பிஎஸ் மையம் நடத்துவது, ஆனால் அது மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு. பெயரைப் பார்த்து ஏமாந்து அதற்கு ஒரு வருஷம் படித்துவிட்டு, கல்லூரி வேலைக்கு உதவாது என்று தெரிந்ததும் என் முன்னால் உட்கார்ந்து அழுத பெண் இருக்கிறாள். எல்லையில் இருக்கிற வாளையாருக்கு இரண்டு பக்கமும் வேலை தேடுகிறவர்களுக்கு, நாடு முழுக்கச் செல்லும் தேசியத் தகுதித் தேர்வான நெட்தான் சரி. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100, தப்பு விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் ஒன்றையும் விடாமல் குறித்துவிட்டு வா.

ஆந்திராவின் குப்பம் ஊரில் ஆராய்ச்சி செய்யும் தம்பி: வகுப்பு எடுத்துப் பழக ஆசை. கைடு விடமாட்டேன் என்கிறார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதியிலேயே இடம் இருக்கிறது: ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் உதவி, விடைத்தாள் திருத்தம் மாதிரி வேலை கொடுக்கலாம். அதற்காக விதியைத் தூக்கிக்கொண்டு போய் கைடு முகத்தில் நீட்டாதே தம்பி, அவரிடம் ஜெயித்து என்ன செய்யப் போகிறாய்? "உங்கள் தாள்களை நான் திருத்தித் தருகிறேன் சார்" என்று ஆரம்பி. எந்த வாத்தியாரும் வேண்டாம் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

முதல் வகுப்பில் என்ன செய்வது?

நான் 14 பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். இருபது நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது, மிச்ச நேரம் முழுக்க மின்விசிறிச் சத்தம்தான். எல்லைப் பக்கத்து வகுப்பில் பாதிப் பேர் மலையாள வழியில் படித்தவர்கள், வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள், அவர்களை மட்டம் என்று நினைத்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. ஒருநாள் பழைய பாட்டொன்றில் 'பறைந்து' என்று வந்தது. தமிழ் வழிப் பிள்ளைகள் எல்லாம் பறை மேளத்தைத் தேட, பின்பெஞ்சு மலையாள வழிப் பையன், "சொல்லி என்று அர்த்தம் டீச்சர், நாங்கள் பறயும் என்கிறோமே" என்றான். அன்றிலிருந்து குறிப்பை ஒரே பக்கமாக்கினேன், மிச்சத்தை அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

கௌரவ விரிவுரையாளராகப் போகலாமா?

போ. கேரளக் கல்லூரிக் கல்வித் துறையின் துணை இயக்குநர் அலுவலகத்தில் முதலில் பெயரைப் பதிந்துவிடு. அனுபவச் சான்றிதழை அந்தந்த வருஷமே கையெழுத்தோடு வாங்கிவிடு. நான் ஒரு கல்லூரியில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன், முதல்வர் மாறியதும் என் கோப்பே காணோம் என்றார்கள்.

வயது, சம்பளம்?

உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் எழுத வயது வரம்பு இல்லை, அதே தேர்வில் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத்தான் உண்டு. ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய்.

தமிழ்த் துறைக்கு மலையாளம் எதற்கு டீச்சர்?

பாடம் நடத்த வேண்டாம். ஆனால் சுற்றறிக்கையும் கூட்டக் குறிப்பும் மலையாளத்தில்தான் வரும். நான் பஸ் போர்டைப் பார்த்துத்தான் எழுத்துப் படித்தேன், அதிலும் முதல் மாதம் இரண்டு தடவை தப்பான பஸ்ஸில் ஏறி நெம்மாறை போய்விட்டேன்.