சனிக்கிழமை ஒரு மணித்தியால ஸ்பானிஷ் போதுமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகளுக்கு 9 வயது, தரம் 4. கனடாவில் அக்காவின் பிள்ளைகள் பிரெஞ்சு இமர்ஷன் பள்ளியில் படித்து பிரெஞ்சைச் சரளமாகப் பேசுகிறார்கள். என் தம்பி குடும்பத்தோடு பார்சிலோனாவில் இருப்பதால் மகளுக்கு ஸ்பானிஷ் படிப்பிக்க ஆசை. பாடசாலையில் அது இல்லை, சனிக்கிழமைகளில் ஒன்லைனில் ஒரு மணித்தியாலம்தான். சின்ன வயதில் தொடங்காவிட்டால் பிந்திவிடும் என்றும், பிறகு மூன்று மாதம் மாணவர் பரிமாற்றத்தில் அனுப்பினால் மொழி தானாக வந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?”

உங்கள் மகள் பிந்தவில்லை. கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் தெரிகிறது, அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் பிள்ளைகள் கணக்கையும் விஞ்ஞானத்தையும் பிரெஞ்சில் படித்திருப்பார்கள். இமர்ஷன் என்றால் அதுதான், பாடங்களையே அந்த மொழியில் படிப்பது. 1965இல் மொன்றியலுக்குப் பக்கத்தில் செயின்ட் லம்பேர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் கேட்டுப் போராடி பாலர் வகுப்பிலிருந்தே இதைத் தொடங்க வைத்தார்கள், மக்கில் பல்கலைக்கழகத்து வாலஸ் லம்பேர்ட் கூடவே இருந்து ஆராய்ந்தார். அதைப் பார்த்து 1971இல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஸ்பானிஷ் இமர்ஷன் வகுப்பு வந்தது. இந்தப் பிள்ளைகள் கேட்டு விளங்குவதில் மிக நன்றாக வந்தார்கள், ஆனால் பேச்சிலும் இலக்கணத்திலும் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பின்னால்தான் நின்றார்கள், அதையும் தெரிந்துவைத்திருங்கள்.

எங்கள் ஊருக்கும் இது புதிதில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் பிள்ளைகள் விடுதியில் தங்கி, ஆங்கிலத்தில் பாடம் படித்தார்கள், தமிழையும் படித்தார்கள். பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான்.

இப்போது மணித்தியாலக் கணக்கைப் பாருங்கள். இமர்ஷன் பள்ளியில் ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம், வருடத்தில் 180 நாள் என்றால் 900. உங்கள் சனிக்கிழமை வகுப்பு வருடம் முழுக்க நடந்தாலும் 52ஐத் தாண்டாது. ஆங்கிலம் பேசும் வளர்ந்தவர்களுக்கே ஸ்பானிஷில் வேலை பார்க்கும் அளவு வர 600 முதல் 750 வகுப்பு மணித்தியாலம் வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத்துறைப் பயிற்சிக் கழகம் நெடுநாளாகச் சொல்லிவந்தது.

“சின்ன வயதில் தொடங்கினால் நல்லது” என்பது அந்த 900 மணித்தியாலம் கிடைக்கிற பிள்ளைக்குப் பொருந்தும். கிழமைக்கு ஒன்றிரண்டு வகுப்பு என்றால் கதை வேறு. பார்சிலோனாவிலேயே கார்மென் முன்யோஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் பள்ளியில் ஆங்கிலம் படித்த பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 8 வயதில் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும் ஒரே அளவு வகுப்பு முடிந்தபின் ஒப்பிட்டபோது பிந்தித் தொடங்கியவர்களே முன்னுக்கு நின்றார்கள். பெரிய பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், இலக்கணம் விளங்கும், அதனால் வேகமாக ஏறுகிறது.

அப்போ இப்போது என்ன செய்வது? காதைப் பழக்குங்கள், அது போதும். அடுத்த வருடம் புலமைப்பரிசில் இருக்கிறது, அதற்கு மேல் இன்னொரு பாரத்தை ஏற்றாதீர்கள். பாட்டு, கார்ட்டூன், தம்பியின் பிள்ளைகளோடு வட்ஸ்அப்பில் ஸ்பானிஷில் நாலு வசனம், இவ்வளவும் தினமும் பத்து நிமிடம்.

ஒலியில் தமிழ்ப்பிள்ளைக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஸ்பானிஷின் ஐந்து உயிர் ஒலிகளும் எங்களிடம் ஏற்கனவே உண்டு. “ஞ” உண்டு. ‘அது’ என்னும்போது இளகுகிற த, ‘வந்து’ என்னும்போது இறுகுகிறதே, ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட அப்படியே. வினையின் முடிவைப் பார்த்தே யார் என்று தெரிந்துவிடும், எங்கள் ‘பேசுகிறேன், பேசுகிறாய்’ மாதிரி. ‘மே குஸ்தா’ என்பதை ஆங்கிலம் வழியாக விளக்க ஆசிரியர் பாடுபடுவார், நீங்கள் ‘எனக்குப் பிடிக்கும்’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொற்களும் வீட்டிலேயே கிடக்கின்றன: மேசை, சப்பாத்து, வாங்கு, துவாய், பாண் எல்லாம் போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தை நினைவுபடுத்தும் சொற்கள், ஸ்பானிஷில் அவற்றின் உறவுச் சொற்கள் மேசா, ஸபாத்தோ, பாங்கோ, தோஆயா, பான். மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள். கொப்பியில் ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் எழுதுவது. நிறை, முத்தம் இரண்டுக்கும் உரிய சொற்கள் தமிழில் எழுதினால் ‘பேசோ’ என்றே வரும், ஆனால் முதல் ஒலி வேறு.

12 அல்லது 13 வயதில் கிழமைக்கு மூன்று, நான்கு மணித்தியாலமாக ஒழுங்கான வகுப்புக்குப் போகட்டும். ஸ்பெயின் அரசு 1991இல் நிறுவிய செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே தனி வடிவம் இருக்கிறது, ஒருமுறை எடுத்த சான்றிதழ் காலாவதியாவதில்லை.

பரிமாற்றத்துக்கு வருவோம். ஏஎஃப்எஸ் போன்ற அமைப்புகள் 1947இலிருந்து மாணவர்களை வேற்றுநாட்டுக் குடும்பங்களோடு தங்கவைக்கின்றன, வயது பெரும்பாலும் 15 முதல் 18. மொழியே தெரியாமல் போகும் பிள்ளைக்கு மூன்று மாதத்தில் பாதி, வகுப்பில் வாய் திறக்காமலே கரையும். ஏ2 நிலையாவது, அதாவது அன்றாட விஷயங்களை எளிய வசனங்களில் பேசும் அளவாவது, எட்டிவிட்டுப் போனால் அதே மூன்று மாதம் தங்கம். எங்கள் பிள்ளைகளுக்கு வசதியான நேரம், சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்பு தொடங்கும் வரையுள்ள இடைவெளி, அந்த வருடம் அது போதிய அளவு நீண்டிருந்தால். 90 நாளைத் தாண்டினால் ஸ்பெயினுக்கு மாணவர் விசா எடுக்கவேண்டும், அதைப் பல மாதம் முன்னரே தொடங்குங்கள்.

தம்பி வீடு பற்றி மனம் நோகாமல் கேளுங்கள். பார்சிலோனா இருப்பது கத்தலோனியாவில், அங்கே அரசுப் பள்ளிகளில் பாடமொழி பெரும்பாலும் கத்தலான். 1980களிலிருந்து ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளுக்கே அதை இமர்ஷன் முறையில் படிப்பிக்கிறார்கள். ஆக மகள் பகலில் கத்தலானும் இரவில் மாமி வீட்டில் தமிழும் கேட்பாள், ஸ்பானிஷ் தெருவில் கேட்டால் உண்டு. ஸ்பானிஷுக்காக என்றால் சலமன்கா, வயதோலித், சரகோசா பக்கம் ஸ்பானிஷ் பேசும் ஒரு குடும்பத்தில் விடுங்கள். நீங்களும் தினமும் இரவில் ஒரு மணித்தியாலம் வீடியோவில் கதைக்காமல், கிழமைக்கு இரண்டு தரத்தோடு நிறுத்தவேண்டும். அது தாய்க்குக் கஷ்டம், தெரியும்.

அனுப்புகிறோம் என்று வருகிறவர்களிடம் காசு கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த ஊர்ப் பள்ளி, அங்கே பாடமொழி என்ன, அதே வீட்டில் இன்னொரு தமிழ்ப்பிள்ளையும் தங்குமா. தம்பியிடம் கடைசி இரண்டு கிழமை போகட்டும், அதற்குள் அவள் மாமாவின் பிள்ளைகளோடு ஸ்பானிஷில் சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்திருப்பாள்.