ஒயின் பாட்டிலில் 'ரிசர்வ்', 'ஓல்ட் வைன்' (old vine, பழைய கொடி) என்றெல்லாம் போடுகிறார்களே, அதற்கு அர்த்தம் உண்டா?

எந்த நாட்டு பாட்டில் என்பதைப் பொறுத்தது. டூட்டி ஃப்ரீ கடையில் நின்றுகொண்டு கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்பெயினின் 'ரிசர்வா' என்றால் நம்பி வாங்கலாம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்றால் அந்த ஒரு சொல்லுக்காகக் காசு கூடக் கொடுக்காதீர்கள்.

குடிக்கு விளம்பரம் செய்கிறான் என்று சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு ஊர் பாளையங்கோட்டை. துபாயில் ஒரு ஓட்டலில் வருஷக்கணக்காகப் பரிமாறினேன். வேலைக்காகப் படித்ததைத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் திசையன்விளைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் சம்பந்தி வீட்டாரை விருந்துக்குக் கூட்டி வந்தார். மகளுக்குப் பேசி முடித்திருந்த நேரம். என் பேச்சை வைத்தே நம்ம ஊர் என்று கண்டுபிடித்துவிட்டார். கலிஃபோர்னியா ஒயின் ஒன்றைக் காட்டி, "தம்பி, இதுல ஸ்பெஷல் ரிசர்வ்னு போட்டிருக்கு. இதையே கொண்டாங்க, அவங்க முன்னால கொறஞ்சிரக் கூடாது" என்றார். அதில் பாதி விலைக்கு ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்து ரிசர்வா இருந்தது.

"அண்ணாச்சி, அமெரிக்காவுல அந்தப் பேர யாரு வேணும்னாலும் போட்டுக்கிடலாம், சட்டம் ஒண்ணும் கிடையாது. ரியோஹாவுல அப்படி முடியாது" என்று சொல்லி, பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருந்த எண்ணிட்ட சீட்டைக் காட்டினேன். அங்கே சிவப்பு ஒயினில் கிரியான்சா என்ற தரம் என்றால் விற்பதற்கு முன் மொத்தம் 2 வருஷம் வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும், அதில் ஒரு வருஷமாவது ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். ரிசர்வா 3 வருஷம். அதிலும் ஒரு வருஷமாவது பீப்பாயில். கிரான் ரிசர்வா 5 வருஷம். பீப்பாயில் 2, பாட்டிலில் 2 கட்டாயம். சீட்டின் நிறமும் மாறும்: கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரிசர்வாவுக்கு அரக்கு, கிரான் ரிசர்வாவுக்கு நீலம்.

அண்ணாச்சி ரியோஹாவையே வாங்கினார். சம்பந்தியிடம் அந்தச் சீட்டைக் காட்டி அவரே விளக்கம் சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் மேலாளர் என்னைச் சமையலறை வாசலில் எல்லார் முன்னாலும் நிறுத்தி, விலை கூடியதை விற்கத்தான் உனக்குச் சம்பளம் என்று கத்தினார். மறுவாரமே காலைச் சாப்பாட்டு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். விருந்தாளியிடம் உள்ளதைச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விற்கிறவன் பக்கம் பேசுகிறவர்கள் கீழே வந்து எழுதுவீர்கள், எழுதுங்கள்.

இத்தாலியின் 'ரிசர்வா'வுக்கும் சட்டம் உண்டு. பரோலோ என்ற அந்த நாட்டுச் சிவப்பு ஒயினைப் பக்குவப்படுத்த 38 மாதம், பரோலோ ரிசர்வா என்றால் 62 மாதம். 'ஓல்ட் வைன்' என்றால் வயதான கொடியில் காய்த்த திராட்சை. எத்தனை வயது என்பதற்குப் பிரான்சில்கூடச் சட்டக் கணக்கு இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. போன மாதம் இங்கே ஒரு கடையில் 'உடன்குடி ஸ்பெஷல்' என்று வாங்கிய கருப்பட்டியில் பாதி சீனி. பனையேறுகிறவர் உயிரைக் கொடுத்து இறக்கும் பதநீரின் பேரை இப்படி யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்கிறார்கள். கேட்டதற்கு, "இஷ்டம்னா வாங்குங்க" என்றார் கடைக்காரர். திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டேன், இன்னும் தரவில்லை.